நூட் ராக்னி

நூட் ராக்னி (மார்ச் 4, 1888 – மார்ச் 31, 1931) நோர்வே நாட்டில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த அமெரிக்கக் காற்பந்து வீரரும் பயிற்சியாளரும் ஆவார். இண்டியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் நகரை அடுத்துள்ள நோட்ரே டேம் பல்கலைக்கழக அணிக்கு 1918 முதல் 1930 வரை 13 பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். அக்காலத்தில் அவ்வணி 105 வெற்றிகளையும் 12 தோல்விகளையும் 5 சமநிலைகளையும் பெற்றது. 1924, 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் அவரது அணி நாட்டின் முதன்மை அணியாகக் கருதப்பட்டது. இவற்றுள் நான்கு குதிரைவீரர்கள் என்னும் பெயரால் அறியப்பட்ட ஆட்டக்காரர்கள் இடம்பெற்ற 1924 ஆம் ஆண்டுப் பருவமே மிகவும் புகழ் பெற்றது. வானூர்தி விபத்தில் ராக்னி இறந்தது பயணிகள் வானூர்தித் துறையில் பெரும் மாற்றங்களுக்கு வழிவகுத்தது.

ஆட்டமும் பருவமும்

தமிழகத்தில் கால்பந்து என்றால் காலால் உதைத்து ஆடும் சங்கக் கால்பந்தையே குறிக்கும். அமெரிக்கக் காற்பந்து அதனின்றும் வேறானது. இதில் நீள்வட்ட வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், எறியலாம், குறிப்பிட்ட நேரங்களில் உதைக்கவும் செய்யலாம். ஓர் அணிக்கு 11 பேர் களத்தில் நிற்பர். எல்லைக் கோடுகளுக்கு இடைப்பட்ட களத்தின் நீளம் 100 கெஜம், அதாவது 300 அடி. சுமார் 180 அடி உயரமுள்ள தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுரத்தோடு ஒப்பிட்டால், இது அதன் உயரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேலாகும். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். இல்லையெனில் பந்து எதிரணியிடம் செல்லும். எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்துடன் கடந்தால் அது டச் டவுன் எனப்படும். அதற்கு 6 புள்ளிகள். கபடியில் பாடிச் செல்பவரை எதிரணியினர் மடக்கிப் பிடிப்பது போல இதில் பந்தை ஏந்தி வருபவரைத் தரையில் வீழ்த்தித் தடுப்பர்.

குற்றாலத்தில் சீசன் என்றால் தென்மேற்குப் பருவக்காற்று மலையைக் கடந்து சாரலைக் கொண்டுவரும் ஜூன் முதல் ஆகஸ்டு வரையான காலம் என்பதைத் தென்காசி வட்டாரத்தினர் அறிவர். அமெரிக்கக் கல்லூரிகளில் சீசன் என்பது இலையுதிர் காலத்தில் வாரம் ஓர் ஆட்டமாக நடைபெறும் போட்டித் தொடரைக் குறிக்கும். ராக்னியின் காலத்தில் ஒரு பருவத்தில் சுமார் 9 அல்லது 10 ஆட்டங்களே இருந்தன. ஆகவே ஒரே ஒரு தோல்வி கூட ஓராண்டின் உழைப்பைக் கெடுத்துவிடக் கூடியதாக இருந்தது.

பிறப்பும் இளமையும்

நோர்வேயின் வோஸ் என்னும் ஊரில் பிறந்த இவரது இயற்பெயர் குனூட் லார்சன் ரோக்னே. தந்தை லார்ஸ் வண்டிகள் செய்யும் கைவினைஞர். 1893 இல் சிகாகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியை ஒட்டி அவர் அமெரிக்கா சென்றார். தொடர்ந்து குடும்பமும் அங்குக் குடியேறியது. அப்போது ராக்னிக்கு வயது 5. சிகாகோவின் லோகன் சதுக்கப் பகுதியில், பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளோடு தெருக்களில் விளையாடி வளர்ந்தார். அங்குதான் காற்பந்தும் தடகளமும் அவருக்கு அறிமுகமாயின.

குடும்பத்தின் நிலை காரணமாகப் பள்ளிக் கல்விக்குப் பின் உடனே கல்லூரியில் சேர இயலவில்லை. சிகாகோ அஞ்சலகத்தில் கடிதங்களைப் பிரித்து அனுப்பும் பணியில் சுமார் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். 1910 இல் நோட்ரே டேம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது 22. உடன் படித்தவர்களில் பலர் அவரைவிட இளையவர்கள். கத்தோலிக்கத் துறவியர் நடத்திய அந்நிறுவனத்தில் அவர் லூத்தரன் சபையைச் சேர்ந்த மாணவராகச் சேர்ந்தார்.

மாணவராக

ராக்னி மருந்தியலும் வேதியியலும் பயின்று 1914 இல் உயர்ந்த மதிப்பெண்களுடன் பட்டம் பெற்றார். படிக்கும்போதே ஜூலியஸ் நியூலண்ட் என்னும் வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகப் பணிபுரிந்தார். நியூலண்ட் அசெட்டிலீன் வாயுவைப் பற்றிச் செய்த ஆய்வுகள் பின்னர் நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர் உருவாக அடிப்படையாயின என்பது குறிப்பிடத்தக்கது. விளையாட்டுக்குச் செல்லாதிருந்தால் ராக்னியும் ஒரு வேதியியலாளராகவே வாழ்ந்திருக்கக் கூடும்.

காற்பந்தில் அவர் களத்தின் ஓரத்தில் நிற்கும் எண்ட் என்ற நிலையில் ஆடினார். 1913 இல் அணித் தலைவரானார். அவ்வாண்டுக் கோடையில் அவரும் உடன் ஆடிய கஸ் டோரேயும் ஓகைய்யோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையிலுள்ள சீடர் பாயிண்ட் என்னும் பொழுதுபோக்கு இடத்தில் வேலை பார்த்தனர். ஓய்வு நேரங்களில் மணற்பரப்பில் பந்தை எறிந்து பிடிக்கும் பயிற்சியில் ஈடுபட்டனர். ஓடிக்கொண்டே, கைகளைத் தளர்வாக வைத்துப் பந்தைப் பிடிக்கும் முறையை அங்கு அவர்கள் பழகிக்கொண்டனர்.

1913 நவம்பர் 1 அன்று வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரி அணியை நோட்ரே டேம் அதன் சொந்தக் களத்தில் சந்தித்தது. நோட்ரே டேம் அப்போது நாட்டின் கிழக்குப் பகுதியில் அதிகம் அறியப்படாத சிறு கல்லூரி. டோரே பந்தை எறிய, ராக்னியும் பிறரும் பிடித்தனர். டோரே எறிந்த 17 வீச்சுகளில் 14 வெற்றியாக அமைந்து 243 கெஜங்கள் கிடைத்தன. நோட்ரே டேம் 35–13 என்ற கணக்கில் வென்றது. பெரிய உடற்கட்டுள்ள அணியைச் சிறிய அணி வேகத்தாலும் வீச்சாலும் வெல்லலாம் என்பதை இவ்வாட்டம் நாடு முழுவதற்கும் காட்டியது.

முன்வீச்சு பற்றிய தவறான கருத்து

பந்தை முன்னோக்கி எறியும் முறையை ராக்னியே கண்டுபிடித்தார் என்று பலர் எழுதியுள்ளனர். இது சரியன்று. 1905 ஆம் ஆண்டுப் பருவத்தில் இவ்வாட்டத்தால் பல இளைஞர்கள் உயிரிழந்தனர். எதிர்ப்பு வலுத்ததால் அதிபர் தியடோர் ரூசவெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார். வீரர்கள் ஒரே இடத்தில் நெருக்கியடித்து மோதுவதைக் குறைக்கும் நோக்குடன் 1906 இல் முன்வீச்சு அனுமதிக்கப்பட்டது. அவ்வாண்டே செயிண்ட் லூயிஸ் பல்கலைக்கழக அணி அதைப் பயன்படுத்தியது. ராக்னியும் டோரேயும் செய்தது, இருந்த விதியின் முழு ஆற்றலை ஒரு பெரிய ஆட்டத்தில் வெளிப்படுத்தியதே ஆகும்.

பயிற்சியாளராக

1914 இல் பட்டம் பெற்றபின் அதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்துக்கொண்டே தலைமைப் பயிற்சியாளர் ஜெஸ்ஸி ஹார்ப்பருக்கு உதவியாளராகவும் தடகளப் பயிற்சியாளராகவும் பணியாற்றினார். அதே ஆண்டு ஜூலையில் பானி ஸ்கைல்ஸ் என்பவரை மணந்தார். இவர்களுக்கு நான்கு பிள்ளைகள். வருவாய்க்காக ஏக்ரன், மாசிலான் முதலிய ஊர்களின் தொழில்முறை அணிகளிலும் ஆடினார்.

ஹார்ப்பர் விலகியதைத் தொடர்ந்து 1918 இல் ராக்னி தலைமைப் பொறுப்பேற்றார். முதல் உலகப் போரும் இன்ஃபுளுவென்சா கொள்ளைநோயும் சேர்ந்து அப்பருவத்தைச் சுருக்கின. ஆறு ஆட்டங்களே நடந்தன. மூன்றில் வெற்றி, ஒன்றில் தோல்வி, இரண்டில் சமநிலை. அவ்வணியில் ஆடிய கர்லி லாம்போ மறு ஆண்டு கிரீன் பே பேக்கர்ஸ் என்னும் தொழில்முறை அணியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். 1919, 1920 ஆகிய இரு பருவங்களிலும் நோட்ரே டேம் தலா ஒன்பது ஆட்டங்களில் ஆடி அனைத்திலும் வென்றது.

இவ்விரு பருவங்களின் முதன்மை வீரர் ஜார்ஜ் கிப். ஓட்டம், வீச்சு, உதை ஆகிய மூன்றிலும் வல்லவர். 1920 பருவத்தின் இறுதியில் தொண்டை நோய்த் தொற்றுக்கு ஆளாகி டிசம்பர் 14 அன்று தமது 25 ஆம் வயதில் இறந்தார். நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள் இல்லாத காலம் அது. இன்று சில நாட்களில் குணமாகிவிடும் தொற்று அன்று உயிரைப் பறித்தது.

பயிற்சி முறை

ராக்னியின் முறையில் உடல் எடையைவிட வேகமும் ஒத்திசைவும் முதன்மை பெற்றன. பந்து நகர்வதற்குச் சற்று முன் பின்வரிசை வீரர்கள் நால்வரும் ஒரே தாளத்தில் இடம் மாறுவர். எதிரணி அதற்கேற்ப மாறுவதற்குள் ஆட்டம் தொடங்கிவிடும். நோட்ரே டேம் ஷிப்ட் எனப்பட்ட இம்முறையை அவர் ஹார்ப்பரிடமிருந்து பெற்று மேம்படுத்தினார். இதன் பயனைக் குறைக்கும் வகையில் விதிகள் பலமுறை திருத்தப்பட்டன. 1927 முதல், இடம் மாறிய வீரர்கள் ஒரு நொடி முழுமையாக நின்ற பின்னரே ஆட்டம் தொடங்க வேண்டும் என்ற விதி வந்தது.

அன்று வீரர்களை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு இருந்தது. தாக்குதல், தடுப்பு இரண்டையும் அதே 11 பேரே ஆட வேண்டியிருந்தது. ராக்னி பல ஆட்டங்களில் முதலில் இரண்டாம் நிலை அணியை இறக்குவார். எதிரணி களைத்தபின் முதல்நிலை வீரர்கள் புத்துணர்ச்சியுடன் களமிறங்குவர். இதனால் இரண்டாம் நிலை வீரர்களுக்கும் ஆடும் வாய்ப்புக் கிடைத்தது.

1924 ஆம் ஆண்டுப் பருவம்

பின்னணி

1924 ஆம் ஆண்டு நோட்ரே டேமுக்கு எளிதான ஆண்டன்று. கத்தோலிக்கர், யூதர், கறுப்பினத்தவர், குடியேறியவர் ஆகியோருக்கு எதிரான கூ கிளக்ஸ் கிளான் இயக்கம் இண்டியானாவில் பெருஞ்செல்வாக்குடன் இருந்தது. மே மாதத்தில் அவ்வியக்கத்தினர் சவுத் பெண்ட் நகரில் கூடியபோது மாணவர்களுக்கும் அவர்களுக்கும் மோதல் ஏற்பட்டது. பல்கலைக்கழகத் தலைவர் அருட்தந்தை மேத்யூ வால்ஷ் மாணவர்களை அமைதிப்படுத்தினார். அதே மாதத்தில் தெற்கு, கிழக்கு ஐரோப்பியரின் குடியேற்றத்தைக் குறைத்து ஆசியரின் குடியேற்றத்தை ஏறத்தாழ முற்றிலும் தடுத்த சட்டம் நிறைவேறியது. நவம்பரில் கிளான் ஆதரவு பெற்ற எட் ஜாக்சன் மாநில ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இச்சூழலில் அயர்லாந்து, போலந்து, இத்தாலி முதலிய நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் குடும்பங்கள் நோட்ரே டேம் அணியைத் தங்கள் அணியாகவே கருதின. கல்லூரியைப் பார்த்தேயிராத பலரும் அதன் வெற்றிக்காகக் காத்திருந்தனர்.

பின்வரிசையில் ஹேரி ஸ்டுல்ட்ரெஹர், ஜிம் குரௌலி, டான் மில்லர், எல்மர் லேடன் ஆகிய நால்வர் ஆடினர். இவர்களுள் எவரும் ஆறடியைத் தாண்டியவரல்லர். எடையும் சுமார் 70 முதல் 75 கிலோகிராம் வரையே. இவர்கள் ஆடிய 1922, 1923 ஆகிய இரு பருவங்களிலும் அணி கண்ட தோல்வி தலா ஒன்றே. இரண்டும் நெப்ராஸ்கா அணியிடம் அடைந்தவை.

ஆட்டங்கள்

அப்பருவத்தின் ஆட்டங்களும் முடிவுகளும் பின்வருமாறு. முதலில் உள்ள எண் நோட்ரே டேம் பெற்ற புள்ளிகளாகும்.

அக்டோபர் 4: லொம்பார்டு, 40–0
அக்டோபர் 11: வாபாஷ், 34–0
அக்டோபர் 18: இராணுவக் கல்லூரி (நியூயார்க்), 13–7
அக்டோபர் 25: பிரின்ஸ்டன் (பிரின்ஸ்டன்), 12–0
நவம்பர் 1: ஜார்ஜியா டெக், 34–3
நவம்பர் 8: விஸ்கான்சின் (மேடிசன்), 38–3
நவம்பர் 15: நெப்ராஸ்கா, 34–6
நவம்பர் 22: நார்த்வெஸ்டர்ன் (சிகாகோ), 13–6
நவம்பர் 29: கார்னெகி டெக் (பிட்ஸ்பர்க்), 40–19
ஜனவரி 1, 1925: ஸ்டான்ஃபோர்டு (பாசடேனா), 27–10

பத்து ஆட்டங்களில் நோட்ரே டேம் 285 புள்ளிகள் எடுத்து 54 புள்ளிகளை மட்டுமே விட்டுக்கொடுத்தது. ஊர் குறிக்கப்படாத நான்கு ஆட்டங்களும் சொந்த மைதானமான கார்ட்டியர் களத்தில் நடைபெற்றவை.

நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் அரங்கில் நடந்த இராணுவக் கல்லூரிக்கு எதிரான ஆட்டமே பருவத்தின் திருப்புமுனை. நடுவரிசை வீரரும் அணித் தலைவருமான ஆடம் வால்ஷ் கைகளில் எலும்பு முறிவுடன் ஆடி, ஆட்டத்தின் பிற்பகுதியில் எதிரணியின் வீச்சொன்றை இடைமறித்துப் பிடித்தார். இவ்வாட்டத்தைப் பற்றி நியூயார்க் ஹெரால்டு டிரிபியூன் இதழில் எழுதிய கிராண்ட்லண்ட் ரைஸ், பின்வரிசை நால்வரையும் விவிலியத்தின் திருவெளிப்பாட்டு நூலில் வரும் நான்கு குதிரைவீரர்களுக்கு ஒப்பிட்டார். ராக்னியின் மாணவ உதவியாளரான ஜார்ஜ் ஸ்டிரிக்லர், அணி ஊர் திரும்பியதும் நால்வரையும் நான்கு குதிரைகள் மீது அமர்த்திப் படம் எடுக்க ஏற்பாடு செய்தார். அப்படம் நாடெங்கும் நாளிதழ்களில் வெளியாகி அவர்களைப் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றது. அவர்களுக்கு வழி திறந்துகொடுத்த முன்வரிசை எழுவர் ஏழு கோவேறு கழுதைகள் என்று அழைக்கப்பட்டனர். புகழ் பின்வரிசைக்கும் உழைப்பு முன்வரிசைக்கும் என்ற பொருளில் அப்பெயர் வேடிக்கையாக வழங்கியது.

நவம்பர் 15 அன்று நெப்ராஸ்காவை வென்றதன் மூலம் இரண்டாண்டுத் தோல்விகளுக்கு ஈடு செய்யப்பட்டது.

ரோஸ் பௌல்

கலிபோர்னியாவின் பாசடேனா நகரில் புத்தாண்டு நாளில் நடைபெறும் ரோஸ் பௌல் ஆட்டத்திற்கு நோட்ரே டேம் அழைக்கப்பட்டது. குளிர்ப் பகுதியிலிருந்து செல்லும் வீரர்கள் வெப்பத்திற்குப் பழக வேண்டும் என்பதற்காக நியூ ஆர்லியன்ஸ், ஹியூஸ்டன், டூசான் வழியாகத் தெற்குப் பாதையில் தொடருந்துப் பயணம் அமைக்கப்பட்டது. எதிரணியான ஸ்டான்ஃபோர்டின் பயிற்சியாளர் பாப் வார்னர், அக்காலத்தின் மற்றொரு பெரும் பயிற்சியாளர். அதன் வீரர் எர்னி நெவர்ஸ் கணுக்கால் காயத்திலிருந்து மீண்டு வந்து ஆட்டம் முழுவதும் ஆடி 114 கெஜம் முன்னேறினார்.

களத்தில் முன்னேறிய தூரத்தில் ஸ்டான்ஃபோர்டே மிகுந்திருந்தது. ஆயினும் அதன் பிழைகளை நோட்ரே டேம் புள்ளிகளாக்கியது. லேடன் இருமுறை எதிரணியின் வீச்சை இடைமறித்து 78 கெஜமும் 70 கெஜமும் ஓடி டச் டவுன் அடித்தார். மற்றொன்றையும் சேர்த்து அவர் அடித்தவை மூன்று. ஆட்டத்தின் இறுதிப் பகுதியில் எல்லைக் கோட்டருகே நெவர்ஸைத் தடுத்து நிறுத்தியதும் வெற்றிக்கு முக்கிய காரணமாயிற்று. இதன்பின் படிப்பு பாதிக்கப்படும் என்று கருதிய பல்கலைக்கழக நிர்வாகம், பருவம் முடிந்தபின் நடக்கும் ஆட்டங்களுக்கு அணியை அனுப்பவில்லை. 1970 ஜனவரியில்தான் நோட்ரே டேம் மீண்டும் இத்தகைய ஆட்டத்தில் பங்கேற்றது.

பின்னைய பருவங்கள்

1925 நவம்பரில் ராக்னி கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். அதே ஆண்டின் இறுதியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர உடன்பட்டதாகச் செய்தி வெளியானது. நோட்ரே டேமுடன் ஒப்பந்தம் இருந்ததால் அது கைவிடப்பட்டது. இது அவருக்கும் நிர்வாகத்திற்கும் மனக்கசப்பை உண்டாக்கியது.

1926 இல் அணி தோல்வியின்றி முன்னேறியது. கார்னெகி டெக் அணியுடனான ஆட்டத்தை எளிதானதாகக் கருதிய ராக்னி, பிட்ஸ்பர்க் செல்லாமல் சிகாகோவில் நடந்த இராணுவ, கடற்படைக் கல்லூரிகளின் ஆட்டத்தைக் காணச் சென்றார். நோட்ரே டேம் 0–19 என்று தோற்றது. எதிரணியைக் குறைவாக எடைபோட்டதால் விளைந்த இத்தோல்வி அவரது வாழ்வின் பெரும் பிழையாகப் பலராலும் சுட்டப்படுகிறது.

1928 அவரது மிக மோசமான பருவம். 5 வெற்றி, 4 தோல்வி. கார்ட்டியர் களத்தில் 1905 க்குப் பின் முதல் தோல்வியும் இப்பருவத்தில்தான் நேர்ந்தது. எனினும் நவம்பர் 10 அன்று யாங்கி அரங்கில் இராணுவக் கல்லூரி அணியை 12–6 என்று வென்றது. இவ்வாட்டத்தில் ராக்னி, மறைந்த கிப் இறக்கும் தறுவாயில் தம்மிடம் விடுத்ததாகக் கூறிய வேண்டுகோளை வீரர்களிடம் எடுத்துரைத்து ஊக்கப்படுத்தினார். அவ்வேண்டுகோள் உண்மையில் விடுக்கப்பட்டதா என்பதில் வரலாற்று ஆய்வாளர் பலருக்கு ஐயம் உண்டு.

1929 இல் புதிய அரங்கம் கட்டப்பட்டு வந்ததால் எல்லா ஆட்டங்களும் வெளியூர்களிலேயே நடந்தன. ராக்னியின் காலில் இரத்த நாள அழற்சி ஏற்பட்டது. இரத்தக் கட்டி இதயத்தையோ நுரையீரலையோ அடைந்தால் உயிருக்கே ஆபத்து என மருத்துவர்கள் எச்சரித்தனர். அவர் பெரும்பாலும் சக்கர நாற்காலியிலிருந்தே பயிற்சி அளித்தார். அவர் செல்ல இயலாத ஆட்டங்களில் உதவியாளர் டாம் லீப் அணியை நடத்தினார். ஒன்பது ஆட்டங்களிலும் வெற்றி கிடைத்தது. 1930 இல் நோட்ரே டேம் அரங்கம் திறக்கப்பட்டது. அப்பருவத்தில் பத்து ஆட்டங்களிலும் வென்ற அணி, டிசம்பர் 6 அன்று லாஸ் ஏஞ்சல்சில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தை 27–0 என்று வீழ்த்தியது. ராக்னி பயிற்றுவித்த கடைசி ஆட்டத் தொடர் இவ்வாறு நிறைவுற்றது.

விமர்சனங்கள்

ராக்னியின் காலத்தில் கல்லூரி விளையாட்டு பெருந்தொழிலாக மாறியது. நுழைவுக் கட்டணத்தால் வந்த வருவாய் பெரிய அரங்கங்களை எழுப்பியது. திறமையான வீரர்களைப் பணத்தாலும் சலுகைகளாலும் கல்லூரிகள் ஈர்ப்பதை 1929 இல் வெளியான கார்னெகி அறக்கட்டளையின் அறிக்கை கடுமையாகக் கண்டித்தது. ராக்னியும் சொற்பொழிவுகள், நாளிதழ்க் கட்டுரைகள், ஸ்டுடிபேக்கர் மகிழுந்து நிறுவனத்தின் விற்பனைப் பரப்புரை ஆகியவற்றால் பெரும் வருவாய் ஈட்டினார். மாணவ வீரர்களுக்கு ஊதியமில்லாத நிலையில் பயிற்சியாளர் செல்வராவது முறையா என்னும் வினா அன்றே எழுந்தது.

ஒதுக்கப்பட்ட கத்தோலிக்கரின் அடையாளமாக விளங்கிய அவ்வணியில் கறுப்பின வீரர்கள் எவரும் இல்லை. 1940களில்தான் கறுப்பின மாணவர்கள் அப்பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் படிப்பில் சேர்ந்தனர். இவ்வரம்பையும் சேர்த்தே அவரது காலத்தை மதிப்பிட வேண்டும்.

இறப்பு

நோட்ரே டேம் அணியைப் பற்றிய ஒரு திரைப்படப் பணிக்காக ராக்னி லாஸ் ஏஞ்சல்ஸ் புறப்பட்டார். கான்சாஸ் சிட்டியில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த தம் மகன்கள் இருவரையும் காணும் நோக்குடன் அவ்வழியே சென்றார். 1931 மார்ச் 31 அன்று காலை அங்கிருந்து டிரான்ஸ்காண்டினெண்டல் அண்ட் வெஸ்டர்ன் ஏர் நிறுவனத்தின் ஃபாக்கர் எஃப்-10 வானூர்தியில் ஏறினார். கான்சாஸ் மாநிலத்தின் பசார் என்னும் சிற்றூருக்கு அருகே ஓர் இறக்கை முறிந்து வானூர்தி புல்வெளியில் விழுந்தது. அதிலிருந்த எட்டுப் பேரும் இறந்தனர். ராக்னிக்கு அப்போது வயது 43.

நாடு முழுவதும் துயரத்தில் ஆழ்ந்தது. அதிபர் ஹூவர் இரங்கல் தெரிவித்தார். நோர்வே மன்னர் ஏழாம் ஹாகோன் மறைவுக்குப் பின் அவருக்கு அரச விருதளித்துத் தம் சார்பாளரை அனுப்பினார். ஏப்ரல் 4 அன்று பல்கலைக்கழகத்தின் திரு இருதய ஆலயத்தில் நடந்த இறுதிச் சடங்கு வானொலியில் ஒலிபரப்பப்பட்டது. சவுத் பெண்ட் நகரின் ஹைலாண்ட் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

வானூர்தித் துறையில் விளைவு

அவ்வானூர்தியின் இறக்கை மரச்சட்டங்களாலும் ஒட்டுப்பலகையாலும் ஆனது. உள்ளே புகுந்த ஈரம் பசை இணைப்புகளைப் பலவீனப்படுத்தியிருந்தது. மூடப்பட்ட இறக்கையின் உட்பகுதியை எளிதில் சோதிக்கவும் இயலாது. விபத்தில் இறந்தவர் நாடறிந்தவர் என்பதால் காரணத்தை வெளியிடுமாறு அரசை மக்களும் நாளிதழ்களும் வற்புறுத்தினர். அதுவரை இத்தகைய விசாரணை முடிவுகள் பொதுமக்களுக்கு வெளியிடப்படுவது வழக்கமில்லை. அரசு அவ்வகை வானூர்திகளின் பயணத்தைச் சில காலம் நிறுத்திச் சோதனைகளுக்கு உட்படுத்தியது.

மர இறக்கை வானூர்திகள் மீது பயணிகள் நம்பிக்கை இழந்தனர். நிறுவனங்கள் முழுதும் உலோகத்தாலான வானூர்திகளை நாடின. 1933 இல் போயிங் 247 பறந்தது. டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் தேவைக்காக டக்ளஸ் நிறுவனம் டிசி-1 ஐ உருவாக்கியது. அதன் வழிவந்த டிசி-3 பின்னாளில் டகோட்டா என்ற பெயரில் இந்தியாவிலும் பல ஆண்டுகள் பறந்தது.

மரபு

ராக்னியின் மாணவர்கள் பலர் பயிற்சியாளர்களாகி அவரது முறையைப் பரப்பினர். லேடன் பின்னர் நோட்ரே டேமின் பயிற்சியாளராகவும், தேசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் ஆணையராகவும் பணியாற்றினார். குரௌலி ஃபோர்டம் பல்கலைக்கழகத்தில் பயிற்றுவித்தபோது அவரிடம் ஆடியவருள் ஒருவர் வின்ஸ் லம்பார்டி. அவரே பிற்காலத்தில் தொழில்முறைக் காற்பந்தின் தலைசிறந்த பயிற்சியாளர்களுள் ஒருவரானார். ராக்னியிடம் ஆடிய ஃபிராங்க் லீகி 1941 இல் நோட்ரே டேமின் பயிற்சியாளரானார்.

1940 இல் வெளியான ராக்னியின் வாழ்க்கை பற்றிய திரைப்படத்தில் பாட் ஓபிரயன் ராக்னியாகவும் ரொனால்ட் ரேகன் கிப்பாகவும் நடித்தனர். பிற்காலத்தில் அதிபரான ரேகன், 1988 இல் ராக்னி நூற்றாண்டு அஞ்சல்தலை வெளியீட்டுக்காக நோட்ரே டேம் சென்றார். 1951 இல் கல்லூரிக் காற்பந்துப் புகழ் மன்றத்தின் முதல் தொகுதியில் ராக்னி சேர்க்கப்பட்டார். விபத்து நடந்த இடத்தில் நினைவுக்கல் உள்ளது.

இந்தியாவில்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளுள் கூடைப்பந்தும் கைப்பந்தும் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் வழியாக இந்தியாவில் வேரூன்றின. ராக்னி புகழ் பெற்று வந்த அதே 1920 இல் அமெரிக்கரான ஹேரி குரோ பக் சென்னையில் அச்சங்கத்தின் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். தமிழகப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்கள் பலர் அங்குப் பயின்றவர்கள். தென்காசி போன்ற ஊர்களின் பள்ளி மைதானங்களிலும் கைப்பந்து வலை காணப்படுகிறது. ஆனால் தலைக்கவசம், தோள் காப்பு முதலிய செலவுமிக்க கருவிகளை வேண்டும் அமெரிக்கக் காற்பந்து இங்குப் பரவவில்லை. இந்தியாவை மையமாகக் கொண்டு தொடங்கப்பட்ட எலைட் காற்பந்துக் கூட்டமைப்பு தன் முதல் பருவத்தை 2012 இல் இலங்கையின் கொழும்பு நகரில் நடத்தியது.